சாட்சி சொல்ல எவரும் வரவில்லை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை தொடங்கிவிட்டால் அதற்கு இடம் கிடைக்காது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் மனைதாரர் நலச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. அன்று எனக்கு வயிற்றுப்போக்கு. அடுத்த வாரம் சங்கச் செயலாளர் அந்தோணிசாமி வீட்டுக்கு வந்து கூட்ட நடவடிக்கைக் குறிப்பை நீட்டினார். அதில் நான் நன்றியுரை ஆற்றியிருந்தேன். சும்மா ஆற்றவில்லை, 'உருக்கமாக' ஆற்றியிருந்தேன்.

"அந்தோணிசாமி சார், நான் வரவே இல்லையே?"

"தெரியும் சார். மினிட்ஸ் புதன்கிழமையே எழுதிட்டேன். கூட்டம் ஞாயித்துக்கிழமைதானே."

"கூட்டத்துக்கு முன்னாடியே மினிட்ஸா?"

"பின்னாடி எழுதினா, யாரு என்ன பேசினாங்கன்னு ஞாபகம் வெச்சுக்கணும் சார். பேஜாரு." என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "இதுக்கே இப்படி ஆயிட்டீங்களே. பெரிய பெரிய எடத்துலயே அப்படித்தான் நடக்குது."

பெரிய பெரிய இடம். அந்த மூன்று சொல்லிலிருந்து முளைத்ததுதான் இந்தக் கதை. அவருக்கு எந்தப் பெரிய இடமும் தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொன்னார் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே கீழே வரும் குழு, மசோதா, ஆட்கள் எல்லாம் என் கற்பனை. இப்படி ஒரு மசோதாவைத் தேடி யாரும் கெஜட்டைப் புரட்ட வேண்டாம். தாம்பரம் மட்டும் நிஜம். வயிற்றுப்போக்கும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

'மக்களாட்சி என்னும் மாபெரும் ஆலமரத்தின் விழுதுகளுள் ஒன்றாம் தெரிவுக் குழுவானது—'

வேண்டாம். குழுத் தலைவர் பேசுகிற மாதிரி இருக்கிறது. அவர் பின்னால் வருவார், அவருக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும்.

இரண்டாம் முயற்சி:

'1973ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் எட்மண்ட் தனசிங் ஒரு பொய்யை எழுதி—'

இதுவும் வேண்டாம். அவர் பொய் எழுதவில்லை. சங்கடமே அதுதான்.

சரி, நேராகச் சொல்கிறேன். கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்த எட்மண்ட் தனசிங்குக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு சபை, மற்ற நாட்களில் ஒரு சபை. முதலாவதில் பாட்டுப் பாடுவார். இரண்டாவது, சட்டம் செய்கிற சபை. அதன் ஆபீசில் குழுப் பிரிவு அசிஸ்டெண்ட். காலை எட்டு மணி மின்சார ரயிலில் ஜன்னலோரம், மடியில் டிபன் கேரியர், அதன்மேல் ஃபைல். பத்தொன்பது வருஷ சர்வீசில் அவர் தட்டச்சு செய்த தாளில் பிழை கண்டவர் கிடையாது. பல்லில் கீரை ஒட்டியிருந்தாலும் சொல்லலாம், தாளில் பிழை என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடக் கூடாது.

ஒரு மசோதா சட்டமாவதைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருப்பார்கள். அந்த அம்புக்குறிகளைச் சுமப்பவர்களில் எட்மண்டும் ஒருவர். அமைச்சர் மசோதாவைக் கொண்டுவருவார். சபை அதன் பருமனைப் பார்த்து மிரண்டு, 'தெரிவுக் குழு ஆராயட்டும்' என்று தள்ளிவிடும். குழுவில் பதினோரு உறுப்பினர்கள். ஆராய்வது எப்படியென்றால், தலைவர் "பிரிவு மூன்று" என்பார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இடமும் வலமும் பார்ப்பார். யாராவது இருமினால் காத்திருப்பார். இருமல் ஓய்ந்ததும், "பிரிவு மூன்று ஏற்கப்பட்டது." பிரிவுகள் முடிந்தால் கடைசியில் அட்டவணை. அட்டவணை வரும்போது வடையும் வந்துவிடும். பிறகு குழுவின் அறிக்கை அச்சாகிச் சபைக்குப் போகும். அங்கே மறுபடி பிரிவு பிரிவாக 'ஆம்' சொல்லி, வாக்கெடுப்பு.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: ஒரு கூட்டத்தில் பிரிவு ஆறு வந்தபோது ஓர் உறுப்பினர் நிஜமாகவே சந்தேகம் கேட்டுவிட்டார். அவருக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள்.)

இப்படி நடக்கிற கூட்டத்துக்கு முன்கூட்டியே குறிப்பு எழுதிவிடலாம் என்று கண்டுபிடித்தவர் எட்மண்டின் சூப்பிரண்டு யக்ஞநாராயணன். "நடக்கப்போறது இன்னதுன்னு தெரிஞ்சுடுத்து. அப்புறம் எதுக்கய்யா காத்திண்டு இருக்கணும்?" என்பார். நாளடைவில் அதுவே முறையாகிவிட்டது. கூட்டத்துக்கு முந்தின நாளே குறிப்பு தயார், தலைவர் கையெழுத்தும் தயார், தாள் அச்சகத்துக்கும் போய்விடும். அதன்பிறகு நடக்கும் கூட்டத்துக்கு ஒரே கடமைதான்: குறிப்பில் கண்டபடி ஒழுங்காக நடந்துகொள்வது.

3

மசோதா இதுதான். ஏரிப் புறம்போக்கில் பத்து வருஷத்துக்கு மேல் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்குப் பட்டா. நல்ல சட்டம்தான். ஆனால் எந்தெந்த ஊர் என்று கடைசியில் ஓர் அட்டவணை இருந்தது. அதில் ஊர் பெயர் இருந்தால் பட்டா. இல்லையென்றால் பிரிவு ஒன்பது: தொண்ணூறு நாளில் காலி செய்ய வேண்டும்.

அட்டவணையில் பதினாறு ஊர்கள். விட்டுப்போன ஊர்க்காரர் யாராவது குழுவின்முன் வந்து சாட்சி சொன்னால் அந்த ஊரையும் குழு சேர்க்கலாம். அதற்காகவே குழு ஊர் ஊராகப் போய் உட்கார்ந்தது. ஏழு இடத்தில் உட்கார்ந்தும் ஓர் ஈ காக்கை வரவில்லை. மக்களுக்கு அக்கறை போதவில்லை என்று தலைவர் ஏழு முறையும் வருந்தினார். அறிவிப்பு இங்கிலீஷில் அச்சாகி, குழு உட்காரும் மாளிகையின் உள்சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. அந்தச் சுவரைப் பார்க்க வேண்டுமானால் முதலில் குழு உறுப்பினராக வேண்டும்.

எட்டாவது கூட்டம் தாம்பரம் பயணியர் மாளிகையில், சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு.

இனி வருவதை எழுதும்போது எனக்கு எட்மண்டின் மேல் சந்தேகம் வந்தது. நீங்களே பாருங்கள்.

புதன்கிழமை. அவர் வீட்டில் பின்னறை கட்டும் வேலை. சித்தாள் கன்னியம்மா செங்கல்லை இறக்கி வைத்துவிட்டு, சும்மாட்டை உதறிக்கொண்டே கேட்டாள். அவள் வீடு இரும்புலியூர் ஏரிக்கரையில்.

"சார், கரையாண்ட டேப்பு புட்ச்சி அளந்துகினு போறாங்களே, இன்னா சார் அது? வூட்ட இட்ச்சிடுவாங்களா?"

எட்மண்டுக்கு நெஞ்சு ஒரு சுற்று விரிந்தது. "அதெல்லாம் எங்க கமிட்டியிலதான் கன்னியம்மா இருக்கு. இரும்புலியூர் லிஸ்ட்ல இல்லை."

"இல்லன்னா?"

"இல்லன்னா கஷ்டம்தான். மூணு மாசத்துல காலி பண்ணணும்."

"நாப்பத்திமூணு வூடு கீது சார் அங்க."

"சனிக்கிழமை கமிட்டி இங்கயே வருது, பயணியர் மாளிகைக்கு. நேர்ல வந்து சொல்லு. சேர்த்துப்பாங்க."

"நான் சொன்னா கேப்பாங்களா?"

"கேக்கறதுக்குத்தானே வர்றாங்க!"

மறுநாள் வியாழக்கிழமை ஆபீசில் உட்கார்ந்து, சனிக்கிழமைக் கூட்டத்தின் குறிப்பை எட்மண்ட் தட்டச்சு செய்தார். நாலாவது பத்தி: 'சாட்சி சொல்ல எவரும் வரவில்லை. அட்டவணை மாற்றமின்றி ஒருமனதாக ஏற்கப்பட்டது.' வெள்ளிக்கிழமை தலைவர் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் தாள் அச்சகத்துக்குப் போயிற்று.

இது எப்படி முடியும் என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போட்டவனே நான்தான், இருந்தாலும். வரச் சொன்ன மறுநாளே 'வரவில்லை' என்று எழுதுகிற மனுஷனை வாசகர் எப்படி நம்புவார்? வஞ்சகம் என்று ஒரு பக்கம் எழுதினேன். எட்மண்டுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது, கிழித்தேன். மறதி என்று எழுதினேன். மறதிக்காரர் பத்தொன்பது வருஷம் பிழையில்லாமல் தட்டச்சு செய்ய முடியாது. அதையும் கிழித்தேன்.

கடைசியில் பிடிபட்டது. 'ஒரு நாள் சாப்பிட வாங்க' என்று நாம் எல்லோரிடமும் சொல்கிறோம். பொய்யில்லை. ஆனால் சொல்லிவிட்டு யாரும் இலை நறுக்கி வைப்பதில்லை. எட்மண்ட் கன்னியம்மாவை மனதாரத்தான் கூப்பிட்டார். அவள் வருவாள் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

4

அவள் வந்தாள்.

குழுத் தலைவர் ராஜகோபாலன், உப்புக் கேட்கும்போதும் மேடையில் நிற்பவர். பதினான்கு பிரிவையும் இருபது நிமிஷத்தில் ஆராய்ந்து முடித்துவிட்டு, வழக்கமான சடங்குக் குரலில் கேட்டார்: "சாட்சியம் அளிக்க எவரேனும் உளரோ?" மூச்சு விடாமல் தானே பதிலும் சொன்னார்: "இலர்."

"கீறேன் சார்."

வாசலில் பியூனின் கைக்குக் கீழே ஒரு தலை தெரிந்தது. பியூன் மறித்தான். "இந்தச் செவுத்துக்குக் கல்லு தூக்கினவளே நான்தான். என்னியே உள்ள வுடமாட்டியா? தள்ளு," என்று அவன் கையைக் கொடிக்கயிறு மாதிரி விலக்கிவிட்டுக் கன்னியம்மா உள்ளே வந்து நின்றாள்.

குழு அரண்டுபோயிற்று. எட்டுக் கூட்டத்தில் முதல்முறையாக ஒரு சாட்சி. சாட்சியை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. விதிப் புத்தகத்தைப் பார்த்தார்கள்: 'சாட்சி அமர்த்தப்பட வேண்டும்.' மிச்சமிருந்த ஒரே நாற்காலி எட்மண்டுடையது. ஆகவே அவள் உட்கார்ந்தாள், அவர் நின்றார்.

"அம்மையீர், தாங்கள் எத்துணை ஆண்டுகளாக அவ்விடத்தில் வதிகிறீர்கள்?"

கன்னியம்மா எட்மண்டைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னா சார் கேக்குறாரு? எத்தினி வருசமான்னா? சீனாக்காரன் சண்டைக்கு ஒரு வருசம் முந்தி வந்தேன். எங்காளு அப்ப இருந்தாரு."

"ஏரியில் நீர் நிரம்பும் காலத்து?"

"தண்ணி வந்தா மேட்டுக்குப் போறோம். வத்தினா எறங்கி வர்றோம். ஏரிக்கு எங்க மேல கோவமே கெடையாது சார். கவர்மெண்டுக்குத்தான்."

உறுப்பினர் ஒருவர் சிரித்துவிட்டார். அவள் அதைக் கவனிக்காமல் மேலே பேசினாள். "நாப்பத்திமூணு வூடு. பாதிப் பேரு சித்தாளு, மீதிப் பேரு பெரியாளு. தாம்பரத்துல நீங்க பாக்குற மாடி எல்லாம் நாங்க சொமந்தது. இந்தப் பங்களாவும்தான். தோ, அந்த ஜன்னலு கோணலா கீது பாருங்க. அன்னிக்கே மேஸ்திரியாண்ட சொன்னேன், நீ இன்னா இஞ்சினீரான்னுட்டாரு."

பதினோரு உறுப்பினர்களும் ஜன்னலைப் பார்த்தார்கள். கோணல்தான். இடது பக்கம் நன்றாக இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. ஒருவர் எழுந்துபோய்த் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வந்து, "ஆமாங்க," என்றார். அந்தக் குழு ஒரு விஷயத்தை ஆராய்ந்ததை எட்மண்ட் அன்றுதான் பார்த்தார்.

"அவ்ளோதான் சார். எங்க ஊரு பேர அந்தக் காயிதத்துல சேத்துக்கங்க. எங்களுக்கு வூடு கட்டத் தெரியும். கட்டின வூட்ட இட்ச்சிட்டு இன்னோரு வாட்டி கட்டுறதுக்குத்தான் வயசில்ல."

நான் இந்தப் பேச்சை அவளுக்காக எழுதி வைத்திருக்கவில்லை. என் முதல் படியில் அவள் அழுதாள், கும்பிட்டாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எழுதும்போது என் பேச்சைக் கேட்கவில்லை. அவள் பாட்டுக்குப் பேசிவிட்டாள்.

இரும்புலியூரைப் பதினேழாவது ஊராக அட்டவணையில் சேர்ப்பதென ஒருமனதாக முடிவாயிற்று. மேசையைத் தட்டினார்கள். வடைத் தட்டு கன்னியம்மாவுக்கும் நீட்டப்பட்டது. எட்மண்ட் நின்றபடியே எல்லாவற்றையும் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அது பழக்கம், பேச்சைக் கேட்டால் அவர் விரல் ஓடும். எழுதி முடித்து, சந்தோஷமாக அடிக்கோடு போட்டு, நோட்டை மூடினார்.

மூடிய பிறகுதான் அச்சகம் ஞாபகம் வந்தது.

5

(நீக்கப்பட்டது. எட்மண்ட் அதிர்ச்சியடைந்ததை இங்கே இரண்டு பக்கம் வருணித்திருந்தேன். இடி, பாம்பு, குளிர்ந்த கத்தி எல்லாம் வந்தன. அவர் உண்மையில் செய்தது, தட்டில் இருந்த வடையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதுதான். ஏன் என்று அவருக்கும் தெரியாது. எண்ணெய்க் கறையைப் பற்றி மனைவி பியூலா பிறகு கேட்டாள்.)

6

திங்கட்கிழமை காலை சூப்பிரண்டின் மேசை. அறிக்கை அச்சாகி வந்து, மை வாசனையோடு கட்டுக் கட்டாக இருந்தது.

"சார், சனிக்கிழமை ஒரு சாட்சி வந்துது சார்."

"வந்துதா?" யக்ஞநாராயணன் ஒரு பிரதியை எடுத்து நாலாவது பத்தியில் விரலை வைத்தார். "வரலையே."

"நான் பார்த்தேன் சார். என் நாற்காலியிலதான் உக்காந்திருந்தா. இரும்புலியூரைச் சேர்க்கணும்னு கமிட்டியே சொல்லிடுச்சு. இந்தாங்க, ஷார்ட்ஹேண்ட் நோட்."

"இது உம்ம நோட்டு. இது சேர்மன் கையெழுத்து. எது ரிக்கார்டு?"

"நடந்தது இதுதானே சார்!"

யக்ஞநாராயணன் கொடுமைக்காரர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, தணிந்த குரலில் பேசினார். "தனசிங், உட்காரும். திருத்தணும்னா சேர்மன் எழுதிக் குடுக்கணும், கூட்டத்துக்கு முந்தின நாளே கையெழுத்துப் போட்டேன்னு. குடுத்தார்னே வெச்சுப்போம். இந்த ஒரு கூட்டத்தோட நிக்குமா? எட்டுக் கூட்டமும் அப்படித்தானேன்னு கேப்பா. கமிட்டி ரிப்போர்ட்டே செல்லாதும்பா. செஷன் முடிஞ்சுடும், மசோதா அப்படியே கிடப்புல போயிடும். உம்ம ஒரு ஊருக்காகப் பதினாறு ஊரும் போகும். அந்த ஜனங்க வந்து உம்ம வாசல்ல நிப்பா. என்ன சொல்லுவீர்?"

எட்மண்டுக்கு இது தோன்றவே இல்லை. (எனக்கும்தான். இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். யக்ஞநாராயணனைக் கேலிக்காகத்தான் கதைக்குள் விட்டேன். அவர் வந்து நியாயம் பேசுகிறார்.)

ஆனாலும் எட்மண்ட் தலைவரின் வீட்டுக்குப் போனார். ராஜகோபாலன் அன்பாக வரவேற்றார்.

"பெண்மணி ஒருவர் வந்ததாக எனக்கும் ஒரு நிழலான நினைவு..." என்று தொடங்கி, அறிக்கையை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க முகம் தெளிந்தது. "இல்லை தனசிங். எவரும் வரவில்லை. இதோ இருக்கிறதே."

"சார், நீங்கதான் கேள்வியே கேட்டீங்க. ஜன்னலைக்கூடத் திரும்பிப் பார்த்தீங்க."

"எந்தச் சன்னல்?"

"கோணல் ஜன்னல் சார்."

"தனசிங்," என்றார் தலைவர் கருணையுடன், "அரசினர் கட்டடத்தில் கோணல் சன்னல் இருக்க இயலாது."

அவர் பொய் சொல்லவில்லை. தன் கண்ணைவிடத் தன் கையெழுத்தை நம்புகிறவர். அப்படிப்பட்டவரோடு எப்படி வாதாடுவது? மற்றப் பத்து உறுப்பினர்களில் நால்வரை எட்மண்ட் தேடிப் பிடித்தார். நால்வரும் அறிக்கையைப் பார்த்தார்கள், பிறகு எட்மண்டைப் பார்த்தார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள்.

7

"வந்தாளா இல்லையா?" என்று கேட்டாள் பியூலா. அவள் பள்ளிக்கூட டீச்சர். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"வந்தா."

"பேசினாளா?"

"பேசினா. கமிட்டி ஒத்துக்கிச்சு."

"அப்புறம் என்ன?"

"ரிக்கார்டுல வரலை பியூலா. நான் முன்னாடியே வரலைன்னு அடிச்சிட்டேன்."

பியூலா சிவப்புப் பேனாவை மூடினாள். "நான் அட்டெண்டன்ஸ்ல ஆப்சென்ட் போட்டுட்டா, கண்ணு முன்னாடி உக்காந்திருக்கிற புள்ளையை வீட்டுக்குத் துரத்துவேனா?"

"உன் கிளாஸ் வேற. இது கவர்மெண்ட்."

"ஆமா. என் கிளாஸ்ல புள்ளைங்க கத்தும், நான் இருக்கேன் டீச்சர்னு."

அப்போதுதான் பின்வாசலில் கன்னியம்மாவின் குரல். கை நிறைய முருங்கைக்காய். "டீச்சரம்மா, மரத்துல காய்ச்சது. சாருக்குக் குடுக்கச் சொல்லி எங்க கரையே சொல்லிச்சு. அவரு சொல்லலேன்னா எங்களுக்கு இன்னா தெரியும்?" பியூலா வாங்கவும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் இல்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். எட்மண்ட் வாய் திறந்தார். சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. அதற்குள் கன்னியம்மா, "ஓட்டு போடுறத நான் பாக்கணும் சார். மேல குந்திகினு பாக்கலாமாமே, ஒரு பாஸு வாங்கித் தர்றியா?" என்றாள்.

"பாக்கலாம்," என்றார் எட்மண்ட்.

வாங்கியும் கொடுத்தார். கொடுக்க முடியாது என்று சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும். அவரிடம் இருந்த ஒரே காரணம் உண்மைதான்.

8

வாக்கெடுப்பு நாள். கூட்டத்தொடரின் கடைசி நாளும் அதுவே.

இங்கே முடிவு வர வேண்டும். மூன்று வைத்திருந்தேன்.

ஒன்றில், எதிர்வரிசை உறுப்பினர் ஒருவர் எட்மண்டின் சுருக்கெழுத்து நோட்டை உயர்த்திப் பிடித்து முழங்க, சபை அதிர்ந்து, இரும்புலியூர் சேர்கிறது. எழுதிப் பார்த்தேன். முழங்குவது நன்றாகவே வந்தது. ஆனால் சுருக்கெழுத்து படிக்கத் தெரிந்த உறுப்பினர் ஒருவரை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

இன்னொன்றில் எட்மண்ட் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு வேலையை இழக்கிறார், வீடுகளும் போய்விடுகின்றன. இது வாசகர்களுக்குப் பிடிக்கும். நல்லவர் ஒருவர் நடுத்தெருவுக்கு வந்தால் நமக்கெல்லாம் ஒரு நிம்மதி, நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவது: 'தொண்ணூற்றோராம் நாள் காலை, ஐப்பசி மழையில், கன்னியம்மா தன் வீட்டின் கதவை மட்டும் தலையில் சுமந்துகொண்டு—'

இதைப் பற்றி ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். கதையில் நான் முதலில் எழுதியதே இந்தக் கடைசிப் பத்திதான். அழகான பத்தி. மழை, கதவு, சேறு, எதிரே ஜி.எஸ்.டி. ரோட்டில் நிற்காமல் போகும் லாரிகள். அதை எழுதி, மடித்து, மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுத்தான் முதல் பகுதிக்கே வந்தேன். நாலாவது பகுதியில் அவள் வந்து அப்படிப் பேசியபோதுகூட, 'பேசட்டும், முடிவு தயாராக இருக்கிறது' என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

யக்ஞநாராயணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுதிய கை இது. கையைப் பார்த்தேன். அதிர்ச்சி என்றால் அதுதான் அதிர்ச்சி. நன்றியுரை எல்லாம் அதன் முன்னே ஒன்றுமில்லை. இழுப்பறையைத் திறந்து அந்தப் பத்தியைக் கிழித்தேன். இனி நடப்பதை மட்டும், நடந்த அளவுக்கு எழுதுகிறேன்.

காலை, மாடிப்படி அடியில் கன்னியம்மா சொன்னாள்: "அவுங்க பேசுற தமிள் எனக்குப் பிரியாது சார். எங்க ஊரு சேந்துட்ச்சின்னா நீ கீள இருந்து ஒரு வாட்டி தலைய ஆட்டு. நான் எய்ந்து போயி அரைநாள் வேலையாச்சும் பாத்துக்குவேன்."

அவள் மேலே பார்வையாளர் மாடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். எட்மண்ட் கீழே, அதிகாரிகள் வரிசையில், யக்ஞநாராயணனுக்குப் பக்கத்தில். மடியில் ஃபைல், ஃபைலுக்கு அடியில் சுருக்கெழுத்து நோட்டு.

"பிரிவு ஒன்பது மசோதாவின் பகுதியாக அமைகிறது. ஆம் என்போர்?"

"ஆம்." சபை அப்போதுதான் தேநீர் அருந்திவிட்டு வந்திருந்தது, குரலில் தெம்பு இருந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் கண் சிமிட்டும் நேரம். பதினான்கும் ஆயிற்று.

"அட்டவணை," என்கிறார் சபாநாயகர்.

கமிட்டியில் கேட்ட அந்த ஒரு சொல் மட்டும் கன்னியம்மாவுக்குத் தெரியும். கைப்பிடிக் கம்பிக்கு மேலாகக் குனிந்து, எட்மண்டைத் தேடிக் கண்டுபிடித்து, புருவத்தை உயர்த்துகிறாள். ஆச்சா?

ஆம் என்று தலையாட்டினால், அவள் சந்தோஷமாக எழுந்து வேலைக்குப் போய்விடுவாள். இல்லையென்று ஆட்டினால், அவள் அங்கேயே கத்துவாள், கத்தத் தெரிந்தவள். எட்மண்டே எழுந்து நின்று பேசினால் அது குறிப்பில் ஏறாது. அவர் உறுப்பினர் இல்லை, பேச உரிமை கிடையாது. ஆனால் சபைக்குக் காது இருக்கிறது. அப்புறம் பதினாறு ஊர் என்னாகும் என்பது யக்ஞநாராயணனுக்குத் தெரியும், எட்மண்டுக்கும் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும்.

"ஆம் என்போர்?"

"ஆம்."

"இல்லை என்போர்?"

இதை யாரும் பதிலுக்காகக் கேட்பதில்லை. கேட்டு முடிப்பதற்குள் சபாநாயகரின் கை அடுத்த தாளுக்குப் போய்விடும். போய்க்கொண்டிருக்கிறது.

எட்மண்ட் எழுந்துவிட்டார். ஃபைல் சரிந்து தாள்கள் தரையில் பரவுகின்றன. "உட்காரும்!" என்று யக்ஞநாராயணன் அவர் கால்சட்டையைப் பிடித்து இழுக்கிறார். சபாநாயகரின் கை பாதியில் நிற்கிறது. மேலே புருவம் இன்னும் இறங்கவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. மீதியை நான் எழுதப்போவதில்லை. நடக்காததை எழுதி வைத்துப் பட்டது போதும். ஒரு பக்கம் நாற்பத்துமூன்று வீடு, ஒரு பக்கம் பதினாறு ஊர், நடுவில் வாயைத் திறந்தபடி ஒரு மனுஷன். என்ன சொன்னார் என்று முடிவு செய்யும் பொறுப்பை இந்தக் கதை உங்களுக்கு அனுப்பிவைக்கிறது. அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் பிரிவு பிரிவாகப் படியுங்கள்.

நிதானமாக யோசியுங்கள். தொண்ணூறு நாள் இருக்கிறது.